ஆறு சுமந்து போன மண்

மைசூருக்குப் பக்கத்தில் ஸ்ரீரங்கப்பட்டணம் இருக்கிறது. அங்கே காவிரி ஓடுகிறது. மழைக்காலத்தில் புது வெள்ளம் வரும்போது அந்தத் தண்ணீரைப் பார்த்திருப்பீர்கள். அது செம்மண் நிறத்தில் இருக்கும். ஒரு சொம்பு தண்ணீர் எடுத்து வையுங்கள். சிறிது நேரத்தில் அடியில் மண் தங்கும்.

அந்த மண் எங்கிருந்து வந்தது? மலையிலிருந்து வந்தது. காட்டிலிருந்தும் வயலிலிருந்தும் வந்தது. மழை அதைக் கரைத்தது. ஆறு அதைச் சுமந்தது.

ஆற்று மண் கெட்ட பொருள் அல்ல. அதுதான் வண்டல். தஞ்சாவூர் நெல் வயல்கள் காவிரி கொண்டுவந்த வண்டலால் உண்டானவை. ஆனால் ஆறு நல்ல மண், கெட்ட மண் என்று பிரித்துப் பார்க்காது. எதைக் கொட்டினாலும் சுமந்து போகும். சுமந்ததை ஓர் இடத்தில் இறக்கி வைக்கும்.

அந்த இடம் எது? அங்கே என்ன நடக்கிறது? அதைத்தான் இந்தப் பாடத்தில் படிக்கப் போகிறோம்.

1. கழிமுகம் என்றால் என்ன?

ஆறு கடலில் சேரும் இடத்தைக் கழிமுகம் என்கிறோம். காவிரி பூம்புகார் அருகே கடலில் சேர்கிறது. புகார் என்ற பழைய பெயருக்கே ஆறு கடலில் புகும் இடம் என்று பொருள் சொல்வார்கள்.

கழிமுகத்தில் ஆற்று நீர் நல்ல நீர். கடல் நீர் உப்பு நீர். இரண்டும் அங்கே கலக்கின்றன. கடல் ஏறும்போது உப்பு நீர் ஆற்றுக்குள் வரும். கடல் வற்றும்போது ஆற்று நீர் கடலுக்குள் போகும். பெரும்பாலான கடற்கரைகளில் ஒரு நாளைக்கு இரண்டு முறை இப்படி நடக்கிறது.

கழிமுகத்தில் மீன் முட்டையிடும். இறால் குஞ்சுகள் அங்கே வளரும். நண்டு இருக்கும். மட்டியும் சிப்பியும் சேற்றில் புதைந்து வாழும். அலையாத்தி மரங்கள் அங்கே வளரும். கடலில் பிடிபடும் பல மீன்கள் சிறு வயதில் கழிமுகத்தில் வளர்ந்தவை. ஆகவே கழிமுகத்தை மீன்களின் தொட்டில் என்று சொல்லலாம்.

மைசூரிலிருந்து கடல் வெகு தூரம். ஆனால் மைசூருச் சந்தைக்கு வரும் கடல் மீன் அந்தத் தொட்டிலோடு சம்பந்தப்பட்டது. ஆகவே இது நமக்கும் வேண்டிய விஷயம்.

2. செய்து பாருங்கள்

இந்தச் சோதனையை வீட்டிலேயே செய்யலாம். வளர்கல்வி மையத்திலும் செய்யலாம்.

ஒரு பாத்திரத்தில் களிமண்ணைக் கரையுங்கள். சிறிது நேரம் வையுங்கள். மணல் அடியில் தங்கிவிடும். மேலே கலங்கல் நீர் நிற்கும். அந்தக் கலங்கல் நீரை இரண்டு கண்ணாடி டம்ளர்களில் சமமாக ஊற்றுங்கள்.

ஒரு டம்ளரில் இரண்டு தேக்கரண்டி உப்புப் போட்டுக் கலக்குங்கள். மற்றதை உப்புப் போடாமல் கலக்குங்கள். இரண்டையும் அசைக்காமல் வையுங்கள். சில மணி நேரம் கழித்துப் பாருங்கள்.

உப்புப் போட்ட டம்ளர் சீக்கிரம் தெளியும். மற்றது கலங்கலாகவே இருக்கும்.

ஏன் இப்படி? களிமண் துகள் மிகச் சிறியது. ஒரு மில்லிமீட்டரை 250 பங்காக்கினால் ஒரு பங்கு அளவுதான் இருக்கும். அதைவிடச் சிறிய துகளும் உண்டு. நல்ல நீரில் இந்தத் துகள்கள் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு மிதக்கும். உப்பு நீரில் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் கனம் கூடும். கனம் கூடினால் கீழே இறங்கும்.

கழிமுகத்திலும் இதுதான் நடக்கிறது. ஆறு நூறு மைல் சுமந்து வந்த நுண்ணிய மண் உப்பு நீர் பட்டதும் இறங்குகிறது. எல்லாம் கடலுக்குப் போவதில்லை. வெளியே போனதிலும் ஒரு பகுதியைக் கடல் ஏற்றம் மறுபடி உள்ளே தள்ளுகிறது. ஆகவே கழிமுகத்தில் சேறு சேர்ந்துகொண்டே இருக்கிறது.

"ஆற்றில் விட்டது கடலோடு போச்சு" என்று சொல்லுவோம். அது முழு உண்மை இல்லை.

3. மலையை வெட்டினால்

இயற்கையாகக் கரையும் மண் கொஞ்சம். மலையை வெட்டிச் சுரங்கம் தோண்டினால் கரையும் மண் மிக அதிகம்.

நம் கர்நாடகத்திலேயே இது நடந்தது. சிக்கமகளூரு மாவட்டத்தில் குதிரைமுக மலை இருக்கிறது. அங்கே இரும்புத் தாது எடுக்க 1976-ஆம் ஆண்டு மத்திய அரசின் நிறுவனம் ஒன்று ஏற்பட்டது. மலையை மேலிருந்து வெட்டினார்கள். தாதுவை மாவு போல அரைத்தார்கள். தண்ணீரோடு கலந்து, 67 கிலோமீட்டர் நீளக் குழாய் வழியாக மங்களூருக்கு அனுப்பினார்கள். மிஞ்சிய கழிவுச் சேற்றைத் தேக்க லக்யா என்ற இடத்தில் ஓர் அணை கட்டினார்கள்.

மைசூரில் ஓர் ஆண்டில் சுமார் 80 சென்டிமீட்டர் மழை பெய்கிறது. குதிரைமுகத்தில் அதைப் போலப் பல மடங்கு பெய்யும். அந்த மழை வெட்டிய மலையிலிருந்து மண்ணை இழுத்தது. கீழே பத்திரா ஆறு ஓடுகிறது. ஆற்றில் வண்டல் பெருகியது.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2002 அக்டோபர் 30 அன்று தீர்ப்பு வந்தது. 2005 டிசம்பர் 31-ஓடு குதிரைமுகத்தில் சுரங்க வேலை முடிந்தது.

பத்திரா நேராகக் கடலுக்குப் போகும் ஆறு அல்ல. அது துங்காவோடு சேர்ந்து துங்கபத்திரா ஆகிறது. பிறகு கிருஷ்ணாவில் கலக்கிறது. வழியில் அணைகளும் உண்டு. சுரங்க மண் கழிமுகத்தையே தொட்டால் என்ன ஆகும் என்பதை அறிய நாம் பக்கத்து மாநிலமான கோவாவுக்குப் போக வேண்டும்.

4. மாண்டவியும் சுவாரியும்

கர்நாடகத்தின் பெலகாவி மாவட்டத்தில் பீம்கட் என்ற காட்டுப் பகுதி உள்ளது. அங்கே மகதாயி என்ற ஆறு பிறக்கிறது. அது மேற்கே ஓடிக் கோவாவுக்குள் போகிறது. அங்கே அதன் பெயர் மாண்டவி. கோவாவின் தலைநகரமான பனாஜி மாண்டவியின் கரையில் இருக்கிறது.

கோவாவில் இன்னொரு பெரிய ஆறு சுவாரி. அதன் முகத்தில் மர்மகோவா துறைமுகம் இருக்கிறது. இரண்டு ஆறுகளையும் கும்பர்ஜுவா என்ற கால்வாய் இணைக்கிறது.

இந்த ஆறுகளின் மேல்பகுதியில் இரும்புத் தாது இருக்கிறது. மாங்கனீசுத் தாதுவும் உண்டு. இங்கே பூமிக்கு அடியில் குகை போலத் தோண்டுவதில்லை. திறந்த வெளியில் மலையை வெட்டிப் பள்ளம் ஆக்குகிறார்கள். ஒரு டன் தாது எடுக்க இரண்டரை டன் முதல் மூன்று டன் வரை வேண்டாத மண்ணை வெட்டித் தள்ள வேண்டும். அந்த மண்ணைப் பக்கத்திலேயே குன்று போலக் குவித்தார்கள்.

கோவாவில் ஆண்டுக்குச் சுமார் 300 சென்டிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரை நான்கு மாதத்தில் பெய்துவிடும். குவித்த மண்ணில் மரம் இல்லை, புல் இல்லை. மழை அடித்தால் என்ன ஆகும்? சிவப்புச் சேறு ஓடைக்கு வரும். ஓடையிலிருந்து வயலுக்கு வரும். வயலிலிருந்து ஆற்றுக்கு வரும்.

இது ஒரு வழி. இன்னொரு வழியும் உண்டு. தாதுவை லாரியில் ஆற்றங்கரைக்குக் கொண்டுவருவார்கள். அங்கே பார்ஜ் எனப்படும் பெரிய தட்டைப் படகில் ஏற்றுவார்கள். படகு துறைமுகத்துக்குப் போகும். ஏற்றும்போதும் இறக்கும்போதும் தாதுத் தூள் ஆற்றில் சிந்தும். காற்றிலும் பறந்து விழும்.

2010-11-ஆம் ஆண்டில் கோவாத் துறைமுகங்கள் வழியாக 5 கோடி டன்னுக்கு மேல் இரும்புத் தாது வெளிநாடு போனது. சீனாதான் அதிகம் வாங்கியது. படகில் சிந்துவது கைப்பிடி அளவாக இருக்கலாம். ஆனால் அறுபது ஆண்டுகளாகச் சிந்தினால் அது கைப்பிடி அளவு இல்லை.

5. சேற்றில் என்ன நடக்கிறது?

இங்கே ஒரு கேள்வி வரும். "இரும்பு நம் உடம்புக்கு நல்லதாயிற்றே. கீரையில் இரும்புச் சத்து இருக்கிறது என்கிறார்கள். பிறகு என்ன கெடுதல்?"

நல்ல கேள்வி. பதிலை மூன்றாகச் சொல்லலாம்.

முதலாவது, மூடுதல். மட்டியும் சிப்பியும் சேற்றில் இருந்தபடியே தண்ணீரை உறிஞ்சி வடிகட்டும். தண்ணீரில் உள்ள நுண்ணிய உணவைச் சாப்பிடும். நுண்ணிய மண் அதிகமானால் வடிகட்டும் உறுப்பு அடைபடும். மண் கனமாகப் படிந்தால் குஞ்சுகள் புதைந்து போகும். கலங்கல் நீரில் வெயில் புகாது. வெயில் புகாவிட்டால் நீரில் உள்ள பாசி வளராது. பாசி இல்லாவிட்டால் அதைத் தின்னும் சிறு உயிர் குறையும். சிறு உயிர் குறைந்தால் மீன் குறையும்.

இரண்டாவது, ஒட்டுதல். இரும்புத் துருவும் மாங்கனீசும் ஈயம், செம்பு, துத்தநாகம், குரோமியம் போன்ற மற்ற உலோகங்களைத் தம்மோடு ஒட்டவைத்துக்கொள்ளும். அவை நகரச் சாக்கடையிலிருந்தும் படகுச் சாயத்திலிருந்தும் கூட வரலாம். எங்கிருந்து வந்தாலும் நுண்ணிய சேற்றில் ஒட்டிக்கொண்டு அடியில் தங்கும். மணலில் குறைவாகவும் சேற்றில் அதிகமாகவும் உலோகம் இருப்பதற்கு இதுதான் காரணம்.

மூன்றாவது, திரும்பி வருதல். இது முக்கியம். அடிச் சேற்றில் காற்று இல்லை. அதனால்தான் அது கறுப்பாக இருக்கிறது, நாறுகிறது. காற்று இல்லாத இடத்தில் இரும்புத் துருவும் மாங்கனீசும் கரையத் தொடங்கும். அப்போது அவற்றோடு ஒட்டியிருந்த மற்ற உலோகங்களும் விடுபடும். சேற்றை இயந்திரம் வைத்துத் தூர்வாரினாலும் உள்ளே கட்டுண்டு கிடந்த உலோகம் வெளியே வரலாம். ஆகவே சேற்றுக்குள் போனது செத்துப் போனது அல்ல. தூங்குகிறது என்று சொல்லலாம்.

உலோகம் மக்கிப் போகாது. வாழை இலை மக்கும். சாணம் மக்கும். ஈயம் எத்தனை வருடம் ஆனாலும் ஈயம்தான்.

அதற்காகக் கோவா மீன் எல்லாம் விஷம் என்று நினைத்துவிடக் கூடாது. எந்த மீனில் எவ்வளவு இருக்கிறது என்பது சோதித்தால்தான் தெரியும். அந்தச் சோதனையை அரசு ஒழுங்காகச் செய்ய வேண்டும். முடிவை மக்களுக்குத் தெரிகிற மொழியில் சொல்ல வேண்டும். அதைக் கேட்பது நம் உரிமை.

சுவாரி ஆற்றின் முகத்தில் சிக்காலிம் என்ற ஊர் இருக்கிறது. அங்கே ஒரு வகைச் சிப்பி கிடைக்கிறது. அதன் ஓடு தட்டையாக, கண்ணாடி போல ஒளி புகும்படி இருக்கும். முற்காலத்தில் கோவாவில் கண்ணாடிக்குப் பதிலாக இந்த ஓட்டைத்தான் ஜன்னலில் பதித்தார்கள். பழைய வீடுகளில் இன்றும் அந்த ஜன்னல்களைப் பார்க்கலாம். இந்தச் சிப்பிக்கு இருக்க இடம் அந்தச் சேறுதான். சேறு கெட்டால் அதற்கு வேறு வீடு இல்லை.

உழவருக்கும் பாதிப்பு உண்டு. கோவாவில் ஆற்றங்கரையைக் கரை கட்டி மதகு வைத்து வயலாக்கியிருக்கிறார்கள். அதற்குக் கசான் நிலம் என்று பெயர். அதே நிலத்தில் நெல்லும் விளையும், மீனும் கிடைக்கும். ஆற்றில் சேறு ஏறினால் மதகு அடைபடும். சுரங்கத்துக்குக் கீழே உள்ள வயல்களில் சிவப்புச் சேறு படிந்து பயிர் கெட்டதும் உண்டு.

6. சேற்றைப் படிப்பது எப்படி?

நாம் எழுத்தைப் படிக்கிறோம். விஞ்ஞானிகள் சேற்றைப் படிக்கிறார்கள்.

பனாஜிக்குப் பக்கத்தில் தோனா பாவ்லா என்ற இடத்தில் தேசியக் கடலியல் நிறுவனம் இருக்கிறது. 1966-ஆம் ஆண்டு தொடங்கியது. அங்குள்ளவர்களும் கோவாப் பல்கலைக்கழகத்தாரும் மாண்டவி, சுவாரிச் சேற்றைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள்.

எப்படி ஆராய்கிறார்கள்? நீண்ட குழாயைச் சேற்றில் நேராக இறக்குவார்கள். மெல்ல வெளியே எடுப்பார்கள். குழாய்க்குள் சேறு அடுக்கு அடுக்காக இருக்கும். மேல் அடுக்கு சமீபத்தில் படிந்தது. கீழே போகப் போகப் பழையது. பழைய சோறு பானையில் அடியில் இருப்பது போல.

ஒவ்வோர் அடுக்கையும் தனியாக வெட்டுவார்கள். அதில் இரும்பு எவ்வளவு, மாங்கனீசு எவ்வளவு என்று அளப்பார்கள். அடுக்கின் வயதையும் கண்டுபிடிக்க வழி உண்டு. சுமார் நூறு ஆண்டு வரை பின்னே போகலாம். சுரங்கம் வருவதற்கு முன் படிந்த அடுக்கையும், வந்த பின் படிந்த அடுக்கையும் ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும்.

கோவா மண்ணிலேயே இயற்கையாக இரும்பு உண்டு. அது செம்பூராங்கல் பூமி. அதனால் விஞ்ஞானிகள் அவசரப்பட்டுப் பழி சொல்வதில்லை. இயற்கையாக இருக்க வேண்டிய அளவைக் கழித்துப் பார்க்கிறார்கள். அப்படிக் கழித்த பின்பும் இரண்டு கழிமுகங்களிலும் இரும்பும் மாங்கனீசும் கூடுதலாக இருந்தன.

தண்ணீர் பொய் சொல்லலாம். இன்று கலங்கும், நாளை தெளியும். சேறு அப்படி அல்ல. அது கணக்குப் புத்தகம் மாதிரி. வருடா வருடம் எழுதி வைக்கிறது.

7. தடையும் அதற்குப் பிறகும்

கோவாச் சுரங்கங்களில் சட்டப்படி நடக்காத வேலைகள் உண்டு என்று புகார்கள் வந்தன. நீதிபதி எம். பி. ஷா தலைமையில் மத்திய அரசு ஒரு கமிஷன் அமைத்தது. அதன் அறிக்கை 2012 செப்டம்பரில் வெளியானது. அதே மாதம் கோவா அரசு சுரங்க வேலையை நிறுத்தியது. அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் தடை போட்டது.

2014-இல் நிபந்தனைகளோடு தடை நீங்கியது. ஆண்டுக்கு 2 கோடி டன்னுக்கு மேல் எடுக்கக் கூடாது என்று அளவு வைத்தார்கள். 2018 பிப்ரவரியில் 88 குத்தகைகளை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. வேலை மறுபடி நின்றது. 2022-ஆம் ஆண்டு இறுதியில் சுரங்கங்களை ஏலம் விடத் தொடங்கினார்கள். 2024-இல் வேலை மறுபடி ஆரம்பமானது.

தடைக்கு முன்னும் பின்னும் எடுத்த சேற்றை ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். தடைக்குப் பின் மேல் சேற்றில் தாதுத் தூள் குறைந்தது. நிறுத்தினால் ஆறு தன்னைத் தேற்றிக்கொள்ளத் தொடங்குகிறது. இது நல்ல செய்தி. ஆனால் கீழ் அடுக்குகளில் படிந்தது அங்கேயேதான் இருக்கிறது.

8. இருவர் பேசினால்

சுரங்கம் நின்றதும் ஆற்றுக்கு நிம்மதி. ஆனால் லாரி ஓட்டியவர்களுக்கு? கோவாவில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சுரங்கத்தை நம்பி இருந்தன. ஒரு லாரிக்காரத் தம்பியும் மட்டி பொறுக்கும் அக்காவும் சந்தித்தால் எப்படிப் பேசுவார்கள்? கற்பனை செய்து பார்ப்போம்.

தம்பி: அக்கா, சுரங்கம் நின்ன நாளிலிருந்து வண்டி வாசல்ல நிக்குது. கடன் தவணை நிக்கலை. பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டணும்.

அக்கா: உன் கஷ்டம் தெரியாம இல்லை தம்பி. என் கஷ்டத்தையும் கேளு. எங்க அம்மா ஒரு வற்றத்துக்கு ஒரு கூடை மட்டி எடுப்பாங்க. எனக்குக் கால் கூடைக்கே இடுப்பு ஒடியுது. கால் வெச்சா முழங்கால் வரைக்கும் செஞ்சேறு.

தம்பி: அப்போ சுரங்கமே வேண்டாங்கறீங்களா? இரும்பு இல்லாம உங்க அரிவாள் ஏது?

அக்கா: நான் அப்படிச் சொல்லலை. வெட்டின மண்ணைக் கொட்டுறதுக்கு முன்னாடி சுத்திச் சுவர் வெக்கலாமில்லே? மழைத் தண்ணியைக் குட்டையில தேக்கி, தெளிஞ்ச பிறகு ஆத்துல விடலாமில்லே? குவிச்ச மண்ணு மேல மரம் வெக்கலாமில்லே?

தம்பி: அதுக்குச் செலவாகும்னு சொல்வாங்க அக்கா.

அக்கா: செலவு யாராவது பண்ணித்தானே ஆகணும்? அவங்க பண்ணலைன்னா நான் பண்றேன். என் கூடை காலியாகுதே, அதுதான் செலவு.

தம்பி: அதுவும் சரிதான். முதல்லேயே ஒழுங்கா நடத்தியிருந்தா கோர்ட்டு நிறுத்தியிருக்காது. என் வண்டியும் நின்னிருக்காது.

இந்த இருவரும் எதிரிகள் அல்ல. இருவர் வயிற்றிலும் அடித்தது ஒரே குற்றம்தான். அது, மண்ணை மேலேயே தடுக்காமல் விட்டது.

9. ஒரே நாளில் ஓர் ஆறு

கோவாவில் நடந்தது மெல்ல நடந்தது. சில இடங்களில் ஒரே நாளில் நடந்துவிடும்.

பிரேசில் நாட்டில் மரியானா என்ற ஊருக்கு அருகே இரும்புச் சுரங்கம் இருக்கிறது. அதன் கழிவுச் சேற்றைத் தேக்கிய அணை 2015 நவம்பர் 5 அன்று உடைந்தது. 19 பேர் இறந்தார்கள். ஒரு கிராமமே சேற்றில் புதைந்தது. அந்தச் சேறு தோசே என்ற ஆற்றில் இறங்கியது. 600 கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. இரண்டரை வாரத்தில் கழிமுகத்தை அடைந்து கடலைச் சிவப்பாக்கியது. ஆற்று ஊர்களில் குடிதண்ணீர் நின்றது. கழிமுகத்தில் மீன்பிடிக்கத் தடை வந்தது.

அணை உடைந்த இடத்துக்கும் கழிமுகத்துக்கும் நடுவே 600 கிலோமீட்டர். கழிமுகத்து மீனவர் அந்தச் சுரங்கத்தைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார். ஆனாலும் பாதிப்பு அவருக்கு வந்தது. மேலே இருப்பவர் செய்வதைக் கீழே இருப்பவர் அனுபவிக்கிறார். ஆற்று வழக்கு எப்போதும் இப்படித்தான்.

10. நாம் என்ன செய்யலாம்?

கழிமுகத்துச் சேற்றைக் கழுவ முடியாது. அள்ளினாலும் ஆபத்து. ஆகவே மண் ஆற்றில் இறங்கும் முன்பே தடுக்க வேண்டும். அதற்கு மக்கள் முன்கூட்டியே பேச வேண்டும். பேச ஓர் இடம் சட்டத்தில் இருக்கிறது.

பெரும்பாலான பெரிய சுரங்கத் திட்டங்களுக்கு அனுமதி தரும் முன் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். 2006-ஆம் ஆண்டின் மத்திய அரசு அறிவிக்கை இதைச் சொல்கிறது. கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பே நாளிதழில் அறிவிப்பு வர வேண்டும். ஒரு நாளிதழாவது அந்த வட்டார மொழியில் இருக்க வேண்டும். திட்டத்தின் சுருக்கத்தையும் வட்டார மொழியில் வைக்க வேண்டும். கூட்டத்தில் யாரும் எழுந்து கேட்கலாம். படிப்பு எவ்வளவு என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

முன்பு அந்த அறிவிப்பு நம் கண்ணில் பட்டாலும் வெறும் கறுப்புக் கோடுகள். இப்போது படிக்க முடியும். அல்லது படிக்கத் தெரிந்தவரோடு சேர்ந்து உட்கார்ந்து எழுத்துக் கூட்டலாம். கூட்டத்துக்குப் போனால் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்:

வெட்டிய மண்ணை எங்கே கொட்டுவீர்கள்?
மழைத் தண்ணீர் எந்த ஓடைக்குப் போகும்?
மண்ணைத் தெளிய வைக்கக் குட்டை உண்டா?
ஆற்று நீரையும் அடிமண்ணையும் யார் சோதிப்பார்கள்? முடிவை எங்கே ஒட்டுவீர்கள்?
வேலை முடிந்த பின் பள்ளத்தை என்ன செய்வீர்கள்?

வேலை நடக்கும்போது கழிவு ஆற்றுக்கு வந்தால் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதலாம். தண்ணீரை மாசுபடுத்துவதைத் தடுக்க 1974-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. வாரியத்தின் சோதனை முடிவு வேண்டும் என்றால் 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி ஒரு தாளில் எழுதிக் கேட்கலாம். எழுதத் தெரிந்தால் இந்த வேலையை நாமே செய்யலாம்.

பயிற்சி

அ. புதிய சொற்கள்

கழிமுகம் – ஆறு கடலில் சேரும் இடம்
வண்டல் – ஆறு கொண்டுவந்து படிய வைக்கும் மண்
தாது – உலோகம் கலந்த கல் அல்லது மண்
தூர்வாருதல் – நீர்நிலையின் அடியில் உள்ள மண்ணை அள்ளுதல்
குத்தகை – ஒரு காலத்துக்கு நிலத்தைப் பயன்படுத்தும் உரிமை

ஆ. கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்

1. மகதாயி ஆற்றுக்குக் கோவாவில் பெயர் ________.
2. உப்பு நீர் பட்டதும் களிமண் துகள்கள் ஒன்றோடு ஒன்று ________.
3. குதிரைமுகச் சுரங்க வேலை முடிந்த ஆண்டு ________.
4. மணலைவிட ________ உலோகம் அதிகமாகத் தங்கும்.

இ. கணக்குப் போடுங்கள்

ஒரு டன் தாது எடுத்தால் 3 டன் கழிவு மண் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லாரியில் 10 டன் தாது போகிறது. அந்த ஒரு லாரித் தாதுவுக்காக எத்தனை டன் மண் குவியும்? ஒரு நாளைக்கு 100 லாரி போனால் எவ்வளவு குவியும்?

ஈ. கூடிப் பேசுங்கள்

1. உங்கள் ஊர் ஓடையில் அல்லது ஏரியில் என்னென்ன வந்து சேர்கிறது? ஒரு பட்டியல் எழுதுங்கள்.
2. அது கடைசியில் எந்த ஆற்றுக்குப் போகிறது? அந்த ஆறு எங்கே கடலில் சேர்கிறது?
3. தம்பி, அக்கா இருவரில் யார் பேச்சு உங்களுக்குச் சரியாகப் படுகிறது? ஏன்?

விடைகள்: ஆ. 1. மாண்டவி 2. ஒட்டிக்கொள்ளும் 3. 2005 4. சேற்றில். இ. 30 டன், 3,000 டன்.